நிமிடத்துக்கு 60 போதும்

கல் உடைக்கும் அதிர்வலை அறைகளில் பணிபுரிவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள டெக்னீஷியன்களுக்கும் செவிலியர்களுக்கும் சக சிறுநீரியல் மருத்துவர்களுக்கும்,



கோடை பிறந்ததும் விலாவைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களின் வரிசை நம் ஊர்களில் நீண்டுவிடுகிறது. சூளையில் வேலை செய்பவர், லாரி ஓட்டுபவர், நாள் முழுக்க வயலில் குனிந்து நிற்பவர், கழிப்பறைக்குப் போக வசதியில்லாமல் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்ட கடைப் பெண்கள். இவர்களில் கணிசமானவர்களுக்குக் கத்தியும் வேண்டாம், துளையும் வேண்டாம்; உடலுக்கு வெளியிலிருந்தே அதிர்வலை செலுத்திக் கல்லைப் பொடியாக்கி, அன்று மாலையே வீட்டுக்கு அனுப்பிவிடலாம். அந்தச் சிகிச்சையை எடுத்தும் பலன் கிடைக்காமல் என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள்: “ரெண்டு சிட்டிங் ஆச்சு சார், கல்லு அப்படியே இருக்கு.”

அவர்கள் கொண்டுவரும் டிஸ்சார்ஜ் தாளை வாங்கிப் பார்க்கிறேன். கொடுத்த ஷாக் 3000 என்று இருக்கும். நிமிடத்துக்கு எத்தனை என்ற வேகம் இருக்காது. எந்த அளவில் தொடங்கி எந்த அளவுக்கு ஏற்றினார்கள் என்பது இருக்காது. வலிக்கு என்ன கொடுத்தார்கள், எப்போது கொடுத்தார்கள் என்பது இருக்காது. கடைசி வரியில் மட்டும் “கல் மிகவும் கடினமானது” என்று இருக்கும்.

கடினமான கற்கள் உண்டு, மறுக்கவில்லை. சிஸ்டீன் கல் உண்டு, பிரஷைட் உண்டு, கால்சியம் ஆக்ஸலேட் மோனோஹைட்ரேட் உண்டு. ஆனால் உடையாமல் போன கற்களில் ஒரு பெரும் பங்கு, கல்லின் குற்றத்தால் உடையாமல் போனவை அல்ல என்பது என் உறுதியான கருத்து. அதிர்வலை கல்லை முழுதாகப் போய்ச் சேரவே இல்லை. போய்ச் சேர வைப்பது உங்கள் கையில், அதிலும் முக்கியமாக டெக்னீஷியன்களாகிய உங்கள் கையில் இருக்கிறது. அதற்குப் புது மெஷின் வேண்டாம். அதனால்தான் இந்த மடலை நிர்வாகத்துக்கு முன்னால் உங்களுக்கு எழுதுகிறேன்.

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தால் இது தெளிவாக விளங்கும். 1980 பிப்ரவரி 7 அன்று, ஜெர்மனியின் ம்யூனிக் நகரில் கிறிஸ்டியன் சௌசியும் அவரது குழுவினரும் முதன்முறையாக ஒரு மனிதரின் சிறுநீரகக் கல்லை அதிர்வலையால் உடைத்தார்கள். கருவியைச் செய்து கொடுத்தது டோர்னியர் என்ற விமான நிறுவனம். ஒலியை மிஞ்சும் வேகத்தில் பறக்கும் விமானத்தின் மீது மழைத்துளி மோதினால் உலோகத்துக்கு என்ன ஆகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தவர்கள் அவர்கள். சில ஆண்டுகளில் அதே நிறுவனத்தின் எச்.எம்.3 என்ற மெஷின் உலகெங்கும் பரவியது.

எச்.எம்.3 எப்படி வேலை செய்தது என்பதைக் கவனியுங்கள். நோயாளிக்கு முழு மயக்கமோ முதுகுத்தண்டில் மரத்துப்போகும் ஊசியோ கொடுத்து, ஒரு தொட்டி நிறைய வெதுவெதுப்பான, காற்று நீக்கிய நீரில் இறக்குவார்கள். அலை நீர் வழியாகவே வந்து நீர் வழியாகவே உடலுக்குள் போகும். அலை குவியும் இடம் அகலமானது, ஏறத்தாழ ஒன்றரை சென்டிமீட்டர். இதயத் துடிப்பு ஒழுங்கு தவறக் கூடாது என்பதற்காக ஒவ்வொரு ஷாக்கையும் இ.சி.ஜி.யோடு இணைத்து, துடிப்புக்கு ஒன்று என்ற கணக்கில் கொடுத்தார்கள். ஆகவே வேகம், நோயாளியின் நாடித் துடிப்பைத் தாண்டிப் போக வழியே இல்லை.

அதன் பிறகு வந்த மெஷின்கள் தொட்டியை எடுத்துவிட்டு, ரப்பர் மெத்தைக்குள் நீரை அடைத்து உடலோடு ஒட்டி வைத்தன. நோயாளி காய்ந்த மேஜையில் படுத்தால் போதும். குவியம் குறுகியது, தோலில் வலி குறைந்தது, மயக்கம் தேவையில்லை என்றானது. நாடியோடு இணைக்க வேண்டிய கட்டாயமும் போனது. நிமிடத்துக்கு 120 வரை தட்டலாம். எல்லாருக்கும் வசதி கூடியது. கல் உடைவது மட்டும் கூடவில்லை. பல மெஷின்கள் அந்தப் பழைய தொட்டி மெஷினின் பலனை எட்டவே இல்லை என்பது நம் துறையினர் பலரும் ஒப்புக்கொண்ட உண்மை.

நீர், அகலமான குவியம், அசையாத நோயாளி, நிதானமான வேகம் ஆகிய நான்கையும் அந்தத் தொட்டி கேட்காமலே கொடுத்தது. இன்று அந்த நான்கையும் நீங்கள் கையால் செய்து கொடுக்க வேண்டியிருக்கிறது.

நீருக்குப் பதிலாக இன்று நம்மிடம் இருப்பது ஜெல். இதைப் பற்றிச் சற்று நீட்டியே எழுதுகிறேன், ஏனென்றால் நான் பார்த்த அறைகளில் மிகவும் அலட்சியமாக நடக்கும் காரியம் இதுதான். நீரிலிருந்து தசைக்குள் போகும் அலைக்கு வழியில் பெரிய தடையில்லை. நடுவில் ஒரு மெல்லிய காற்றுப் படலம் இருந்தால், அதில் பட்ட அலை ஏறக்குறைய முழுதும் திரும்பிப் போய்விடும். அமெரிக்காவில் இண்டியானா பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட ஆய்வுக் குழு இதை ஆய்வுக்கூடத்தில் அளந்து 2006-ல் வெளியிட்டது. மெத்தையும் எதிர்ப்பக்கமும் ஒட்டும் பரப்பில் வெறும் 2 சதவீதத்தைக் காற்றுக்குமிழி பிடித்திருந்தாலே, மாதிரிக் கல் உடைவது 20 முதல் 40 சதவீதம் வரை குறைந்துபோனது. சாதாரணமாக நாம் எல்லாரும் தடவுகிறபடி ஜெல் தடவியபோது சிக்கிய காற்று எவ்வளவு தெரியுமா? பல தடவை அந்த 2 சதவீதத்தை வெகுவாகத் தாண்டியிருந்தது.

இப்போது நம் அறையில் நடப்பதைப் பாருங்கள். ஸ்கேன் அறையிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்டிக் பாட்டில் பாதி காலியாக இருக்கிறது. தலைகீழாகக் கவிழ்த்துப் பிதுக்குகிறோம், புர்ரென்று சத்தம் வருகிறது. அந்தச் சத்தம் ஒவ்வொன்றும் ஜெல்லுக்குள் புகுந்த காற்று. பிறகு கையுறை போட்ட கையால் மெத்தை முழுக்க மெல்லியதாகத் தேய்க்கிறோம், நோயாளியின் இடுப்பிலும் கொஞ்சம் தேய்க்கிறோம். விரல் போன தடமெல்லாம் சின்னச் சின்ன வாய்க்காலாக நிற்கிறது. இரண்டு பக்கமும் ஒட்டும்போது அந்த வாய்க்கால்களில் காற்று சிறைப்பட்டுவிடுகிறது. மேலிருந்து பார்க்கும் நமக்கு அது தெரியாது. சி-ஆர்ம் படத்திலும் தெரியாது. மெத்தைக்குள் கேமரா வைத்த சில மெஷின்களில் மட்டுமே கீழிருந்து பார்க்க முடியும். அப்படிப் பார்த்தவர்கள் யாரும் பிறகு ஜெல்லில் சிக்கனம் பிடித்திருக்க மாட்டார்கள்.

சரியான முறை அதைவிடச் சுலபமானது. வாயகன்ற டப்பாவில் இருக்கும் ஜெல்லை, குமிழி இல்லாமல், தாராளமாக அள்ளி மெத்தையின் நடுவில் ஒரே குவியலாக வையுங்கள். கையால் தேய்க்காதீர்கள். மெத்தையை மெதுவாக உப்பவிட்டு அல்லது மேஜையை மெதுவாக இறக்கி, குவியல் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தானே பரவும்படி விடுங்கள். பரவும்போது காற்றை முன்னால் தள்ளிக்கொண்டு வெளியே போய்விடும். அதே இண்டியானா குழு இந்த முறையையும் சோதித்து, பாட்டிலைப் பிதுக்கித் தேய்ப்பதைவிட மிகவும் மேலானது என்று காட்டியிருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. பாதியில் நோயாளி “ஒரு நிமிஷம் எந்திரிச்சுக்கிறேன்” என்கிறார், அல்லது நாமே கொஞ்சம் நகர்த்திப் படுக்க வைக்கிறோம். ஒட்டு விட்டுப்போனது. மறுபடி அதே இடத்தில் அழுத்திவிட்டால் முன்பிருந்ததைவிட அதிகக் காற்று உள்ளே போயிருக்கும். பிரித்தால் துடைத்துவிட்டுப் புதிதாக ஜெல் வையுங்கள். முதுகில் முடி அடர்ந்திருப்பவருக்கு அந்த இடத்தை முன்பே மழித்துவிடுங்கள். காலையில் மெஷினைப் போடும்போதே மெத்தைக்குள் இருக்கும் நீரிலும் குமிழி இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு டப்பா ஜெல்லின் விலை, இரண்டாவது சிட்டிங்குக்கு வரும் நோயாளியின் பஸ் செலவுக்குக்கூட ஆகாது.

அடுத்தது வேகம். என்னைக் கேட்டால், ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய முடியும் என்றிருக்கும் அறையில் இதைத்தான் செய்யச் சொல்வேன்.

கனடாவின் டொராண்டோவில், செயின்ட் மைக்கேல்ஸ் மருத்துவமனையின் சிறுநீரியல் குழு 2005-ல் வெளியிட்ட ஆய்வு இது. சிறுநீரகக் கல் உள்ளவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு நிமிடத்துக்கு 120, மறு பாதிக்கு நிமிடத்துக்கு 60 என்று ஷாக் கொடுத்தார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது வேகமாகப் பெற்றவர்களில் 61 சதவீதத்தினருக்கும், நிதானமாகப் பெற்றவர்களில் 75 சதவீதத்தினருக்கும் சிகிச்சை வெற்றி. பரப்பு 100 சதுர மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பெரிய கற்களை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்த்தால் வித்தியாசம் இன்னும் பெரியது: 32 சதவீதம், 71 சதவீதம். மெஷின் அதே மெஷின், ஊர் அதே ஊர், மருத்துவர்களும் அவர்களே. மாறியது வேகம் மட்டும். பிறகு பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டபோதும் நிதானமே வென்றது. ஐரோப்பிய சிறுநீரியல் சங்கத்தின் வழிகாட்டுதல் இன்று நிமிடத்துக்கு 60 முதல் 90 வரை என்கிறது.

காரணம் புதிரில்லை. ஒவ்வொரு ஷாக்கும் கல்லைச் சுற்றியுள்ள நீர்மத்தில் நுண்ணிய குமிழிக் கூட்டத்தை உண்டாக்குகிறது. அந்தக் குமிழிகள் கல்லின் மேல் உடைந்து விழும்போது கல்லும் அரிக்கப்படுகிறது, அது நமக்கு வேண்டியது. ஆனால் விழுந்த பின்னும் மிச்சக் குமிழிகள் சிறிது நேரம் மிதந்துகொண்டிருக்கும். அவை கரைவதற்குள் அடுத்த ஷாக் வந்துவிட்டால், வருகிற வழியிலேயே அதன் சக்தியை அவை தின்றுவிடும். 120-ல் இரண்டு ஷாக்குகளுக்கு நடுவே அரை நொடிதான் இருக்கிறது. 60-ல் ஒரு முழு நொடி. அந்த அரை நொடிக்காகத்தான் இவ்வளவு பேச்சும்.

நீங்கள் சொல்லப் போவது எனக்குத் தெரியும். வெளியே ஆறு பேர் காத்திருக்கிறார்கள், இரண்டு மணிக்குள் முடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். 3000 ஷாக்கை 120-ல் கொடுத்தால் 25 நிமிடம், 60-ல் கொடுத்தால் 50 நிமிடம். உண்மைதான். ஆனால் டொராண்டோ ஆய்வில் நிதானமாகப் பெற்றவர்களுக்கு மொத்தத்தில் குறைவான ஷாக்கே தேவைப்பட்டது; சராசரி சிகிச்சை நேரம் சுமார் 41 நிமிடம், வேகமாகப் பெற்றவர்களுக்கு சுமார் 24. இடையில் இருப்பது 17 நிமிடம். அந்த 17 நிமிடத்தை மிச்சம் பிடித்து, இன்னொரு நாள் இன்னொரு சிட்டிங் வைத்தால் அறைக்கும் நஷ்டம், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, துணைக்கு ஒருவரையும் கூட்டிக்கொண்டு வருகிறவருக்கு அதைவிடப் பெரிய நஷ்டம். எல்லாருக்கும் 60 முடியவில்லை என்றால் சிறு கற்களுக்கு 90 வையுங்கள். ஒரு சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கல்லென்றால் 60-ஐ விட்டு ஏறாதீர்கள். 120 என்பதை அந்த மெஷினில் இல்லாத எண்ணாகவே நினைத்துக்கொள்ளுங்கள்.

சக்தியின் அளவையும் அப்படியே படிப்படியாக ஏற்றுங்கள். எடுத்த எடுப்பில் உச்சத்துக்குப் போகக் கூடாது. குறைந்த அளவில் முதல் சில நூறு ஷாக்குகளைக் கொடுத்து, சில நிமிடம் நிறுத்தி, பிறகு ஏற்றினால் சிறுநீரகத்தின் ரத்த நாளங்கள் சுருங்கித் தங்களைக் காத்துக்கொள்கின்றன. காயம் வெகுவாகக் குறைகிறது. பன்றிகளின் சிறுநீரகத்தில் இது தெளிவாகக் காட்டப்பட்டிருக்கிறது. நோயாளிக்கும் அந்தத் தட்டு பழகிவிடுகிறது, திடுக்கிட்டுத் துள்ள மாட்டார். இந்த நிறுத்தத்தின்போது சும்மா இருக்க வேண்டாம், கல் திரையின் குறுக்குக்கோட்டின் நடுவில் இருக்கிறதா என்று மறுபடி பாருங்கள்.

அங்கேதான் அகலமான குவியத்தை இழந்ததன் விலை தெரிகிறது. இன்றைய பல மெஷின்களின் குவியம் சில மில்லிமீட்டர் அகலம்தான். சாதாரணமாக மூச்சு விடும்போதே சிறுநீரகம் ஓரிரு சென்டிமீட்டர் மேலும் கீழும் போய்வருகிறது, வலியில் இழுத்து விடும் மூச்சில் இன்னும் அதிகம். ஆகவே திரையில் கல் நடுவில் நிற்பதாகத் தெரிந்தாலும், கொடுக்கிற ஷாக்கில் ஒரு பகுதி கல்லில் படாமல் பக்கத்துத் திசுவில் போய் விழுகிறது. எண்ணிக்கையில் 3000 ஏறிவிடும், கல்லில் விழுந்தது எத்தனை என்று எந்தக் கணக்கும் சொல்லாது.

ஒரு சிறிய ஊரின் மையத்தில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். அறுபது வயதை ஒட்டிய ஒரு அம்மா, களையெடுத்துக் காய்த்த கைகள். முதல் நூறு ஷாக்கிலேயே மேஜையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு தோளை உயர்த்திவிட்டார். திரையில் கல் குறுக்குக்கோட்டை விட்டு ஏறி ஏறி இறங்கியது. அங்கிருந்த டெக்னீஷியன், இளைஞர்தான், மெஷினை நிறுத்தினார். “அம்மா, வலிக்குதா? கூச்சப்படாம சொல்லுங்க. பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தா கல்லு உடையாது.” “தம்பி, நீங்க முடிச்சுருங்க, ஊருக்கு நாலு மணி பஸ்ஸு” என்றார் அந்த அம்மா. அந்த இளைஞர் முடித்துவிடவில்லை. மருத்துவரைக் கூப்பிட்டு வலிக்கு ஊசி போடச் செய்து, அது வேலை செய்யும்வரை காத்திருந்து, முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்து, வயிற்றின் மேல் ஒரு அகலப் பட்டையைப் பதமாகக் கட்டி, “மெதுவா, சின்னச் சின்னதா மூச்சு விடுங்கம்மா” என்று பக்கத்திலேயே நின்று சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு ஜெல்லைத் துடைத்துவிட்டுப் புதிதாக வைத்துத் தொடங்கினார். கல் கோட்டுக்குள் நின்றது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் விளிம்பு மங்கிப் பரவத் தொடங்கியது. அந்த இளைஞருக்கு இதை யாரும் பாடமாக எடுத்திருக்க மாட்டார்கள். திரையைப் பார்ப்பதோடு படுத்திருக்கும் ஆளையும் பார்த்தார்.

வலி நிவாரணம் என்பது இரக்கம் மட்டும் அல்ல, அதுவே சிகிச்சையின் ஒரு பாகம். முழு மயக்கத்தில் செய்துகொண்டவர்களுக்குப் பலன் கூடுதலாக இருந்ததாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. மூச்சு சீராக இருப்பதுதான் அதற்குக் காரணம். எல்லாருக்கும் மயக்கம் கொடுக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. வலி மருந்து ஷாக் தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்பே உள்ளே போயிருக்க வேண்டும் என்கிறேன். வலித்த பின் போடும் மருந்து, பாதி சிகிச்சை வீணான பின்தான் வேலை செய்யும்.

சில நூறு ஷாக்குகளுக்கு ஒருமுறை நிறுத்தி இடத்தைச் சரிபார்ப்பது சலிப்பான வேலை. ஆனால் கையாளுபவருக்குக் கையாளுபவர் பலன் எவ்வளவு மாறுகிறது என்று டொராண்டோவிலேயே ஒரு கணக்கு எடுத்தார்கள், 2000-ல் வெளியானது. ஒரே மெஷினைப் பயன்படுத்திய பல மருத்துவர்களில், மிக அதிக நோயாளிகளைப் பார்த்தவருக்கே வெற்றி விகிதமும் அதிகம். அவர்தான் எக்ஸ்ரே திரையைப் பார்ப்பதிலும் மற்றவர்களைவிட அதிக நேரம் செலவிட்டிருந்தார். கதிர்வீச்சைக் குறைக்க வேண்டும் என்ற கவலை நியாயமானது. ஸ்கேன் வசதி மெஷினோடு இருந்தால் அதைப் பழகிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் படத்தின் பரப்பைச் சுருக்கிக்கொள்ளுங்கள். பார்க்காமல் தட்டுவது மட்டும் வேண்டாம்.

சக மருத்துவர்களே, இனி உங்களோடு பேச வேண்டியது. முதல் குறியை வைத்துக் கொடுத்துவிட்டு ஓ.பி.க்கோ தியேட்டருக்கோ போய்விடும் பழக்கம் நம்மில் பரவலாக இருக்கிறது. முழு நேரமும் நிற்க முடியாது, புரிகிறது. சக்தியை ஏற்றும்போதும் முடிக்கும் முன்பும் வந்து பார்க்கலாம். அதைவிட முக்கியம், எந்தக் கல்லை அந்த மேஜைக்கு அனுப்புகிறோம் என்பது. அது டெக்னீஷியன் கையில் இல்லை, முழுக்க நம் கையில் இருக்கிறது.

சி.டி. ஸ்கேன் தாளில் ஹவுன்ஸ்ஃபீல்ட் அலகு என்று ஒரு எண் வருகிறது, கல்லின் அடர்த்தி அது. சண்டிகரில் 2002-ல் செய்த ஒரு சிறு ஆய்வில், அந்த எண் 500-க்குக் கீழ் இருந்த கற்கள் எல்லாம் உடைந்தன. 500 முதல் 1000 வரை இருந்தவற்றில் சுமார் 86 சதவீதம். 1000-ஐத் தாண்டியவற்றில் சுமார் 55 சதவீதம்தான். வெறும் 30 பேர் கொண்ட ஆய்வு என்றாலும், பிறகு வந்த பெரிய ஆய்வுகள் அதே திசையைத்தான் காட்டின. அதே ஸ்கேனில் தோலிலிருந்து கல்வரை உள்ள தூரத்தையும் அளந்துவிடலாம். 10 சென்டிமீட்டரைத் தாண்டினால் பலன் குறையும். கல் சிறுநீரகத்தின் கீழ்ப்பகுதியில் இருந்தால் உடைந்த பொடி மேலேறி வெளியே வரச் சிரமப்படும். 2001-ல் வெளியான அமெரிக்க ஆய்வில் கீழ்ப்பகுதிக் கற்களுக்கு அதிர்வலை கொடுத்தபின் முழுக்கக் கல் நீங்கியவர்கள் 37 சதவீதம். துளையிட்டு எடுத்தவர்களில் 95. இரண்டு சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கல்லை அதிர்வலைக்கு அனுப்புவதே தவறு என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. யூரிக் அமிலக் கல் என்று சந்தேகம் வந்தால் பொட்டாசியம் சிட்ரேட் கொடுத்துச் சிறுநீரின் அமிலத்தைக் குறைத்துப் பாருங்கள், உடைக்க வேண்டிய அவசியமே இல்லாமல் கரைந்துபோகும் வாய்ப்பு உண்டு.

1300 அலகு, கீழ்ப்பகுதி, பருமனான உடல். இப்படி ஒருவர் வந்தால், “உங்களுக்கு இது சரிவராது, வேறு வழி பார்ப்போம்” என்று சொல்லிவிடுவதே அவருக்குச் செய்யும் நல்ல சிகிச்சை. பேக்கேஜ் கட்டிவிட்டார் என்பதற்காக மேஜையில் ஏற்றாதீர்கள்.

பாதுகாப்பு பற்றிச் சுருக்கமாகச் சொல்லி நகர்கிறேன், ஏனென்றால் இதில் கருத்து வேறுபாடே இல்லை. கர்ப்பிணிக்குக் கூடாது. ரத்தம் உறையாமைக் கோளாறு இருந்தாலோ, ரத்தத்தை இளக்கும் மருந்தை நிறுத்தாமல் இருந்தாலோ கூடாது. சிறுநீர்த் தொற்று இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவருக்குச் சிறுநீரகத்தைச் சுற்றி ரத்தம் கட்டும் அபாயம் கூடுதல். ஆஸ்பிரின் சாப்பிடுவதை நோயாளி தானாகச் சொல்ல மாட்டார், “ஹார்ட்டுக்கு ஏதாவது மாத்திரை போடுறீங்களா?” என்று கேட்டால்தான் சொல்வார். செவிலியர்களே, அந்தக் கேள்வியை நீங்கள் கேட்டுவிடுங்கள்.

சிகிச்சை முடிந்ததும் வேலை முடிந்துவிடுவதில்லை. உடைந்த துண்டுகள் வெளியேறுவதற்கு டாம்சுலோசின் போன்ற மருந்து துணை செய்கிறது, மருந்துச் சீட்டில் அதைப் பற்றி ஒரு முடிவு இருக்கட்டும். எல்லாருக்கும் முன்கூட்டியே ஸ்டென்ட் வைப்பதால் கல் நீங்கும் விகிதம் கூடுவதில்லை. அந்தக் குழாய் கொடுக்கும் எரிச்சலும் அடிக்கடி சிறுநீர் வரும் தொல்லையும்தான் மிச்சம். வீட்டுக்குப் போகிறவரிடம் ஒன்றை அழுத்திச் சொல்லுங்கள்: சிறுநீரில் இரண்டொரு நாள் ரத்தம் கலந்து வரலாம், அதற்குப் பயப்பட வேண்டாம், குளிரோடு காய்ச்சல் வந்தால் இரவானாலும் உடனே வர வேண்டும். அடைபட்ட சிறுநீரகத்தில் தொற்று சேர்ந்தால் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகிவிடும். அவர் கூப்பிட ஒரு போன் நம்பரை எழுதிக் கொடுங்கள். சிறுநீரை வடிகட்டும்போது சிக்கும் துண்டைத் தூக்கி எறியாமல் கொண்டுவரச் சொல்லுங்கள். அது என்ன கல் என்று தெரிந்தால்தான் அடுத்த கல் வராமல் தடுக்க வழி சொல்ல முடியும். வாழைத்தண்டு சாறு குடிக்கலாமா என்று கேட்பார்கள். குடிக்கட்டும். ஒரு நாளில் குறைந்தது இரண்டரை லிட்டர் சிறுநீர் போகும் அளவுக்குத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்பதை அதோடு சேர்த்துச் சொல்லுங்கள்.

மையங்களை நடத்துகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. டெக்னீஷியனை ஒரு நாளில் முடித்த கேஸ் எண்ணிக்கையால் அளக்காதீர்கள். நீங்கள் அளக்கும் விதம்தான் 120-ல் தட்ட வைக்கிறது. ஒரு நோயாளிக்கு ஒரு மணி நேரம் என்று பட்டியல் போடுங்கள். குவியமும் குறுக்குக்கோட்டின் நடுவும் ஒன்றாக இருக்கின்றனவா என்று சோதிக்கும் வேலையைக் கம்பெனிக்காரர் வரும் நாளுக்குத் தள்ளிப்போடாமல், உங்கள் ஆட்களுக்கே பழக்கிக் குறித்த இடைவெளியில் செய்யச் சொல்லுங்கள். மின்பொறி மெஷினாக இருந்தால் எலக்ட்ரோடு தேய்ந்துபோனது தெரிந்தும் இன்னும் இரண்டு கேஸுக்கு ஓட்டுவது, அந்த இரண்டு பேருக்கும் செய்யும் அநியாயம்.

லேசர் வந்துவிட்டது, மெல்லிய வளையும் ஸ்கோப் வந்துவிட்டது, இனி அதிர்வலை எதற்கு என்று கேட்கும் குரல்கள் கூடிக்கொண்டிருக்கின்றன. அவை நல்ல வழிகள்தான், பலருக்கு நானே செய்கிறேன். ஆனால் அவற்றுக்கு மயக்கம் வேண்டும், தியேட்டர் வேண்டும், பெரும்பாலும் ஸ்டென்ட் வேண்டும், அதை எடுக்க இன்னொரு வருகை வேண்டும். எட்டு மில்லிமீட்டர் கல்லோடு வரும் ஒரு கூலித் தொழிலாளிக்கு, காலையில் வந்து மாலையில் போகும் இந்த வழி திறந்திருக்க வேண்டும். அரைகுறையாகச் செய்து அதன் பெயரைக் கெடுத்தால், அந்த வழியை நாமே அடைத்தவர்கள் ஆவோம்.

கடைசியாக, ஒரு நோட்டுப் புத்தகம் கேட்கிறேன். கணினி வேண்டாம், நாற்பது ரூபாய் நோட்டு போதும். ஒவ்வொரு நோயாளிக்கும் கல்லின் அளவு, இடம், ஹவுன்ஸ்ஃபீல்ட் எண், கொடுத்த வேகம், தொடங்கிய அளவு, முடித்த அளவு, வலிக்குக் கொடுத்த மருந்தும் நேரமும், இடையில் ஒட்டு பிரிந்ததா என்பது, கடைசியில் மூன்றாம் மாத எக்ஸ்ரேயும் ஸ்கேனும் சொன்ன பதில். அன்றைக்குத் திரையில் கல் கலைந்ததைப் பார்த்து “வெற்றி” என்று எழுதாதீர்கள். வெற்றி என்பது மூன்றாம் மாதம் எழுத வேண்டிய சொல். அந்தப் பத்தி காலியாக இருந்தால் நோயாளிக்குப் போன் செய்து வரச் சொல்லுங்கள். ஐம்பது பேர் சேர்ந்ததும் மருத்துவரும் டெக்னீஷியனும் செவிலியரும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து அதைப் புரட்டிப் பாருங்கள்.

நாளைக் காலை முதல் நோயாளி படுப்பதற்கு முன், மெஷினின் வேகத்தை 60-க்குக் குறைத்துவிட்டு, ஜெல்லை நடுவில் குவித்து வையுங்கள். மூன்று மாதம் கழித்து அவருடைய எக்ஸ்ரேயைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

அன்புடன்,
மாவட்டத் தலைநகர் ஒன்றில் பணிபுரியும் சிறுநீரியல் மருத்துவர்